கேட்காமல் எடுத்த படம்: ஒரு தோட்டப்புறக் கல்லூரியின் விளையாட்டு விளம்பர அனுபவம்

பின்னணி

மலேசியாவின் தென் கெடாவில் உள்ள ஒரு சிறுநகரம் அது. ரப்பர் காலத்தில் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு அதுதான் கடைத்தெரு. சம்பளம் போட்ட மறுநாள் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் தாமான் வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறார்கள். இருந்தும் ‘எந்த ஊர் நீங்க?’ என்று கேட்டால் தாமானின் பெயர் வராது, தோட்டத்தின் பெயர்தான் வரும்.

இந்த ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் நான் தகவல் தொடர்புப் பாடம் எடுக்கிறேன். அங்கே டிப்ளோமா வகுப்புகள் மட்டும்தான். மாணவர்களில் பெரும்பகுதி தோட்டத்துப் பிள்ளைகள். மலாய், சீன மாணவர்களும் உண்டு. ஏறக்குறைய எல்லாரும் பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் படிப்பவர்கள். ஆண்கள் காற்பந்து, பெண்கள் வலைப்பந்து, கபடி, திடல்தடம் என 4 அணிகள்.

2020 மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு மாணவர் சேர்க்கை சரிந்தது. விளையாட்டை முன்னால் வைத்தால் இளைஞர்கள் வருவார்கள் என்று 2022 கடைசியில் நிர்வாகம் முடிவெடுத்தது. அணிகளின் இணையத்தளம், முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடமும் மார்க்கெட்டிங் பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞரிடமும் வந்தது.

நடந்ததில் என் தவறும் இருக்கிறது. இதை எழுதலாம் என்று சம்பந்தப்பட்ட மாணவியும் அவர் பெற்றோரும் வரைவைப் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

யாரைப் பார்த்துச் செய்தோம்

விளையாட்டை வைத்துக் கல்லூரியை விற்கும் கலையில் அமெரிக்கா நெடுந்தூரம் போய்விட்டது. அங்கே என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டு அமைப்பின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ விளையாட்டாளர்கள். பெரிய கல்லூரிகளில் விளையாட்டுக்கென்றே தனி இணையத்தளம், தனிப் படப்பிடிப்புக் குழு, சமூக ஊடகத்துக்கென்று முழுநேர ஊழியர்கள். புகை பறக்க மைதானத்துக்குள் ஓடி வரும் வீரர்கள், மெதுவாக ஓடும் காட்சி, பின்னால் அதிரும் இசை. நாங்கள் பார்த்தது இந்த வீடியோக்களைத்தான். அதுதான் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். அந்த வீடியோக்களுக்குப் பின்னால் தொலைக்காட்சி உரிமமும் நுழைவுச்சீட்டு வருமானமும் இருக்கின்றன. எங்கள் திடலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. சுற்றுவேலியே பாதிதான் இருக்கிறது. நாங்கள் பார்த்திருக்க வேண்டியது அந்த அமைப்பின் மூன்றாம் பிரிவில் உள்ள சிறிய கல்லூரிகளை. கல்லூரிகளின் எண்ணிக்கையில் அதுதான் பெரிய பிரிவு. அங்கே விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் (கல்வி உதவித்தொகை) கொடுக்க விதி இடம் தராது. பிள்ளைகள் விளையாட வருகிறார்கள், கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள்; கல்லூரிக்குச் சேர்க்கை கிடைக்கிறது. அவர்களுடைய தளங்களில் முதலில் கண்ணில் படுவது அணிப் பட்டியல், ஆட்ட அட்டவணை, முடிவுகள், சேர விரும்பும் பள்ளி மாணவர் நிரப்பும் ஒரு படிவம், பயிற்றுநரைத் தொடர்புகொள்ளும் வழி. பகட்டு குறைவு, தகவல் நிறைய. இதை நான் புரிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது.

முதல் ஐந்து மாதங்களில் கண்டவை

2023 ஜனவரி முதல் மே வரை ஏராளமாகப் பதிவிட்டோம். ஒரு காற்பந்து வீடியோவைப் பல ஆயிரம் பேர் பார்த்ததாக முகநூல் கணக்குக் காட்டியது. கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒரு வீடியோ 3 விநாடி ஓடினாலே முகநூல் அப்போது அதை ஒரு பார்வையாகச் சேர்த்துவிடும் என்பது எனக்குத் தெரியும். விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர் ஒரு கணம் தயங்கினாலும் அது கணக்கில் வரும். தெரிந்தும் அன்று நான் வாய் திறக்கவில்லை.

உள்ளூர்ப் போட்டிகளுக்கு ஆள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வலைப்பந்து ஆட்டத்தில் திடலோரம் நின்றவர்களை எண்ணினேன். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து 11 பேர். ஒரு ஆட்டக்காரியின் தாயார் அடுத்த வாரம் என்னிடம் கேட்டார்: “டீச்சர், மவ ஆடுறான்னு தெரிஞ்சிருந்தா நான் ஓ.டி. வேலைய விட்டுட்டு வந்திருப்பேனே. யாருமே சொல்லலியே?” நாங்கள் சொல்லியிருந்தோம், இன்ஸ்டாகிராமில், ஆங்கிலத்தில், ஒரு போஸ்டரில். நேரமும் இடமும் படத்துக்குள் சிறிய எழுத்தாக இருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் கிடைக்காது. பழைய கைப்பேசியில் பெரிதாக்கினால் கலங்கிப்போகும். அந்த அம்மா ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் குரல் பதிவைத் தவிர வேறொன்றையும் அவர் திறப்பதில்லை.

இணையத்தளம் அதைவிட மோசம். முகப்பைத் திறந்ததும் வீடியோ தானாக ஓடும். பிரிபெய்ட் அட்டையில் டேட்டா வாங்குகிற வீட்டில் அதை யார் இரண்டாம் முறை திறப்பார்கள்? அணிப் பட்டியலில் பாதிப் பெயர்கள் இல்லை. இருந்தவற்றிலும் சில தவறு. ஒரு மாணவனின் தகப்பனார் பெயர் இன்னொருவனுடையதோடு மாறிக் கிடந்தது. பெயர்கள்கூடச் சரியாக இல்லாத ஒரு தளத்துக்கு நாங்கள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூன் மாத விளம்பரம்

2023 ஜூன் 8ஆம் தேதி, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்தன. தனியார் கல்லூரிகளுக்கு அந்த இரண்டு வாரங்கள் அறுவடைக் காலம். மார்க்கெட்டிங் பிரிவு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தது: எங்கள் திடல்தட அணியின் மாணவி ஒருவர் 1500 மீட்டர் ஓட்டத்தில் இறுதிக் கோட்டைத் தொடும் படம். எடுத்தவள் நான். நல்ல படம். பற்களைக் கடித்துக்கொண்டு, கைகள் பின்னால் வீச, முழு உயிரையும் கொடுத்து ஓடிவருவார்.

அந்தப் படத்தின் மேல் ‘விளையாட்டாளர்களுக்கு முழு உபகாரச் சம்பளம்’ என்று எழுதினார்கள். கட்டணம் கட்டி முகநூலில் ஓடவிட்டார்கள். ஊர்ச் சமிக்ஞை விளக்கருகே ஒரு பதாகையும் எழுந்தது. பதிவேற்றும் முன் எனக்கு அனுப்பினார்கள். படம் எடுப்பாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அந்த வாசகம் யாரைப் பற்றியது போல் படும் என்று நான் யோசிக்கவில்லை. மாணவியிடம் யாரும் கேட்கவில்லை. அணியில் சேரும்போது எல்லாரும் கையெழுத்திட்ட தாளில் ‘கல்லூரி படங்களைப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அது போதும் என்பது அன்றைய எண்ணம்.

அந்த மாணவிக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. கல்லூரி கொடுத்தது ஒரு செமஸ்டருக்குச் சிறு கட்டணக் கழிவு. மீதி பி.டி.பி.டி.என். கடன். அந்தக் கடன் கைக்கு வரும்வரை முதல் தவணையைக் கட்ட, செம்பனைக் குலை வெட்டும் அவர் தகப்பனார் சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கியிருந்தார்.

பதாகை எழுந்த மூன்றாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழாக் கூட்டம். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் நாலு பேர் முன்னால் அவரிடம் கேட்டார்: “ஒம் மவளுக்குக் காலேஜே இலவசமாமே, ரோட்டுல போட்டிருக்கான். அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து கை நீட்டுன?” அவர் பதில் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிரவு மகள் விளம்பரத்தின் கீழ் இருந்த கருத்துகளைப் படித்தார். அவருடைய நிறத்தையும், அரைக்கால் சட்டையையும், ஓடும்போது கோணிய முகத்தையும் பற்றி முன்பின் தெரியாத ஆண்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு நாளாக அவை அங்கேயே கிடந்தன. விளம்பரம் எத்தனை பேரை எட்டியது என்று பார்த்த நாங்கள் கருத்துகளைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தபோது தாயார் எடுத்தார். “இனிமே அவ ஓட மாட்டா சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, விளம்பரத்தை நிறுத்துவதா என்பது. மார்க்கெட்டிங் இளைஞர் மறுத்தார். அவர் கெட்டவர் அல்ல. அந்த விளம்பரத்துக்குத்தான் அதிக விசாரணைகள் வந்துகொண்டிருந்தன, சேர்க்கைக் காலம் இன்னும் 10 நாள் இருந்தது. “கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தாங்க டீச்சர்?” என்று கேட்டார். நான் கல்லூரி முதல்வரிடம் போனேன். 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை முன்னால் வைத்தேன். நேரடி விளம்பரத்துக்குத் தம் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிக் கேட்கும் உரிமை அதில் ஒருவருக்கு உண்டு. ஆனால் முதல்வரை அசைத்தது சட்டம் அல்ல, வாசகம். இல்லாத உபகாரச் சம்பளத்தைக் கல்லூரி தன் மாணவியின் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது என்பதை அவர் இரண்டு முறை படித்தார். அன்று மாலையே விளம்பரம் நின்றது. பதாகையை இரவோடு இரவாக நாங்களே அவிழ்த்தோம்.

இரண்டாவது, மன்னிப்பை எங்கே கேட்பது. முகநூலில் பகிரங்கமாகக் கேட்க வேண்டும் என்று நான் ஒரு பதிவை எழுதிவிட்டேன். வெளியிடும் முன் அந்த மாணவியிடம் காட்டினேன். “வேணாம் டீச்சர். மறுபடியும் எல்லாரும் என்னையத் தேடிப் பார்ப்பாங்க” என்றார். என் மனம் ஆறுவதற்காக எழுதிய பதிவு அது என்பது அப்போது புரிந்தது. அதை அழித்தேன். பெயரோ படமோ இல்லாமல், ‘முழு உபகாரச் சம்பளம் என்று எங்கள் விளம்பரத்தில் வந்தது தவறு, விளையாட்டாளர்களுக்கு நாங்கள் தருவது கட்டணக் கழிவு மட்டுமே’ என்று திருத்தம் மட்டும் வெளியிட்டோம். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டோம்.

முதல்வரும் பயிற்றுநரும் நானும் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முதல்வர் மன்னிப்புக் கேட்டார். நீண்ட நேரம் தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவ ஓடுறத நான் என்னைக்கும் தடுத்ததில்ல டீச்சர். காலையில வேலைக்குப் போறப்போ நானே மோட்டார்ல கொண்டாந்து எறக்கிவிட்டிருக்கேன். அவ படத்தப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருந்தா, கடன் வாங்கிப் படிக்கிறான்னே எழுதுங்கன்னு சொல்லியிருப்பேன். அதுல என்னா வெட்கம்?”

மூன்றாவது முடிவு அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. இனி விளையாட்டுப் பக்கங்கள் வேறு, சேர்க்கை விளம்பரம் வேறு. ஆட்டத்தைப் பற்றிய படம் விளம்பரத்துக்குப் போவதானால், அந்தப் படத்துக்கு, அந்த வாசகத்துக்கு, அந்த ஆளிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்கக் கதையின் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். எட் ஓ’பேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், 1995இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வென்று தந்தவர், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் ஆட்டக்காரன் இருப்பதைக் கண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு காசும் தரவில்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார், 2014இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதன் பிறகும் பல வழக்குகளும் மாநிலச் சட்டங்களும் தேவைப்பட்டன. 2021 ஜூலை 1ஆம் தேதி முதல்தான் தம் பெயர், தோற்றம், உருவம் ஆகியவற்றால் கல்லூரி விளையாட்டாளர்கள் வருமானம் ஈட்டலாம் என்று என்.சி.ஏ.ஏ. தன் விதியைத் தளர்த்தியது. அந்தப் பகட்டு வீடியோக்களை நகலெடுத்த நாங்கள், அவற்றில் ஓடிய பிள்ளைகள் தம் முகத்துக்காக எத்தனை ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார்கள் என்பதைப் படிக்கவில்லை.

படிவம்: முதல் முயற்சி தோற்றது

ஜூலையில் புதிய சம்மதப் படிவம் தயாரித்தேன். மூன்று கேள்விகள், மூன்று மொழிகள். ஆட்டச் செய்தியில் உங்கள் படம் வரலாமா? அணிப் பட்டியலில் பெயரும் விவரமும் வரலாமா? கல்லூரி விளம்பரத்தில் வரலாமா? எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் எழுதினேன்.

பயிற்றுநர்கள் அதைத் திடலில் வைத்து ஒரே மாலையில் நிரப்பி வாங்கி வந்தார்கள். எல்லாரும் மூன்றுக்கும் ‘சரி’ போட்டிருந்தார்கள். ஒருவர்கூட மறுக்காத படிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓர் ஆட்டக்காரனைத் தனியாகக் கேட்டேன். “கோச் முன்னால நின்னுக்கிட்டிருந்தாரு டீச்சர். வேணாம்னு போட்டா டீம்ல எடுக்க மாட்டாரோன்னு…” என்றான்.

அத்தனை தாளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். பயிற்றுநரின் கை இதில் படக்கூடாது. படிவம் வீட்டுக்குப் போகும்; ஒரு வாரம் கழித்து நானோ இன்னொரு விரிவுரையாளரோ ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவோம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். நிரம்பியவர்களுக்குச் சட்டப்படி அவர்கள் சொல்லே போதும் என்றாலும், வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டோம். இரண்டாம் முறை பலர் விளம்பரத்துக்கு மட்டும் ‘வேண்டாம்’ என்றார்கள். மூன்று பேர் எல்லாவற்றுக்கும் மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் கபடி அணித்தலைவர். அவர் இல்லாமல் கபடி அணியின் படத்தைப் போடப் பழகிக்கொண்டோம்.

அணிப் பட்டியல்

தளத்திலிருந்து தானாக ஓடும் வீடியோவை எடுத்தோம். அட்டவணையைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே போட்டோம். ஒவ்வொரு வியாழனும் பெற்றோர் புலனக் குழுவுக்குத் தமிழில் ஒரு நிமிடக் குரல் பதிவு: எந்த ஆட்டம், எந்தத் திடல், எத்தனை மணி, தோட்டப் பக்கமிருந்து வருவோருக்குக் கல்லூரி வேன் எங்கே நிற்கும். மலாய்ப் பெற்றோருக்கு ஒரு மாணவி மலாயில் பேசினாள். இவ்வளவுதான். அதற்குப் பிந்திய வலைப்பந்து ஆட்டங்களில் திடலோரத்தில் தாய்மார்கள் குடை பிடித்து நின்றார்கள்.

பெரிய வேலை அணிப் பட்டியல். அமெரிக்கக் கல்லூரித் தளங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரோடும் சொந்த ஊரும் படித்த பள்ளியும் இருக்கும். அதையே வைத்துக்கொண்டோம். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். தகப்பனார் பெயர், எழுத்துக்கூட்டு, தமிழ் வடிவம் என எல்லாவற்றையும் சரிபார்த்தோம். சொந்த ஊர் என்ற கட்டத்தில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. முகவரியில் தாமான் பெயர் உள்ளவர்களும் அங்கே தோட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். சிலர் தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷன் எண்ணையும் சேர்த்தார்கள். அவற்றில் இரண்டு தோட்டங்கள் இப்போது இல்லை. ஒன்று இருந்த இடத்தில் வீடுகள். இப்போதைய முகவரியைப் போடுவோமா என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். “அப்பா அதத்தான் போடச் சொன்னாரு டீச்சர்” என்றான்.

பட்டியல் வெளிவந்த வாரம் அந்தப் பக்கம் எங்கெங்கோ போனது. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கிற பழைய தோட்டத்து ஆட்கள் தங்கள் குடும்பக் குழுக்களில் பகிர்ந்தார்கள். இடிந்த லயத்தின் பெயர் ஒரு கல்லூரித் தளத்தில் இருப்பதைப் பார்த்து, அங்கே தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்த ஒரு பெண்மணி எங்களை அழைத்து அந்தப் பையன் யார் மகன் என்று விசாரித்தார். அந்தப் பக்கத்துக்கு விளம்பரக் காசு ஒன்றும் செலவிடவில்லை.

பின்பு நடந்தவை

அந்த மாணவி இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடவில்லை. அதற்குள் மாநிலத் தேர்வு ஓட்டம் முடிந்துவிட்டது. அந்த இழப்பை எங்களால் ஈடுசெய்ய முடியவில்லை. செப்டம்பரில் ஒரு காலை அவராகவே திடலுக்கு வந்தார். அணிப் பட்டியலுக்குச் சம்மதித்தார், விளம்பரத்துக்கு மறுத்தார். படத்தை அவரே தேர்ந்தெடுத்தார்: ஓட்டம் முடிந்து, காலணியைக் கையில் பிடித்தபடி, தங்கையோடு புல்லில் உட்கார்ந்திருக்கும் படம்.

விண்ணப்பப் படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியைச் சேர்த்தோம். விளையாட வந்த பெரும்பாலோர் எழுதியது அணியில் உள்ள ஒருவரின் பெயர்: அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, பழைய பள்ளித் தோழன். சேர்க்கை கூடியதா என்றால், கொஞ்சம் கூடியது. அது இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு புதிய பாடப்பிரிவு ஒன்றும் தொடங்கியிருந்தோம்.

சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தை வென்றார். அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து அந்த அணிக்கு ஆடியவர். பக்கத்து ஊர்ப் பெண் என்று எங்கள் மாணவிகளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் செய்தியோடு எங்கள் கல்லூரியின் பெயரைச் சேர்த்து ஒரு வாழ்த்துப் போஸ்டர் போடலாம் என்று மார்க்கெட்டிங் பிரிவில் பேச்சு வந்தது. “அவங்கள நாம கேக்கலியே” என்று சொல்லி அதை நிறுத்தியவர் அதே இளைஞர்.

மறுபடி செய்தால்

பெற்றோர் எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார்கள், எதைத் திறக்கிறார்கள், எந்த மொழியைப் படிக்கிறார்கள் என்று முதல் மாதமே கேட்பேன். கட்டண விளம்பரம் ஓடும் நாள்களில் கருத்துகளைப் பார்ப்பதற்கென்று காலையும் மாலையும் ஓர் ஆளை நிறுத்துவேன். ஆள் இல்லாவிட்டால் கருத்துப் பகுதியை அடைத்துவிடுவேன். பள்ளி மாணவர்களின் பக்கங்களில் ‘எங்களிடம் வா’ என்று பயிற்றுநர்கள் எழுதுவதை ஆரம்பத்திலேயே தடுப்பேன். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் 2016 ஆகஸ்ட் முதல், சேரவிருக்கும் மாணவரின் பதிவுக்குப் பயிற்றுநர் விருப்பம் தெரிவிக்கலாம், பகிரலாம், ஆனால் கருத்து எழுதக்கூடாது என்ற விதி இருந்தது. அதே அளவை இப்போது நாங்களும் வைத்திருக்கிறோம்.

விளம்பரக் கோப்பை மாணவர் சேர்ப்பு ஏஜெண்டுகளுக்கு அனுப்ப விடமாட்டேன். நாங்கள் நிறுத்திய பிறகும் அவர்களுடைய குழுக்களில் அந்தப் போஸ்டர் சுற்றியது. ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொன்னோம். சில வாரங்கள் ஆயின. சென்ற எஸ்.பி.எம். முடிவு வாரத்தில் ஒரு முன்னாள் மாணவர் அதை மறுபடி எங்கோ பார்த்து எனக்கு அனுப்பினார். அன்றே அந்த ஏஜெண்டைப் பிடித்து எடுக்க வைத்தேன். மாணவி டிப்ளோமா முடித்து இப்போது வேலையில் இருக்கிறார். போஸ்டர் வந்ததையும் எடுத்ததையும் அழைத்துச் சொன்னேன். “சரி டீச்சர்” என்றார். பிறகு, அணிப் பட்டியலின் பழைய ஆண்டுப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தன் 1500 மீட்டர் நேரத்தில் ஒரு விநாடி தவறாக ஏறியிருக்கிறது, திருத்த முடியுமா என்றார். நேர அளவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிரவே திருத்தினேன்.